பூம்பாறை வீட்டுச் சாக்லேட்டுக்கு எத்தனை உரிமம் வேண்டும்?

கேள்வி: பூம்பாறையில் வீட்டிலேயே சாக்லேட்டும் மலைப்பூண்டு ஊறுகாயும் செய்கிறேன். கொடைக்கானல் ஏரிப் பக்கம் இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறேன். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் இல்லாமல் இனி வாங்க மாட்டேன் என்கிறார் ஒரு கடைக்காரர். ஆறு லைசென்ஸ் வேண்டும், எட்டாயிரம் ரூபாய் கொடுங்கள் என்கிறார் ஏஜென்ட். என்ன செய்வது?

பதில்: கடைக்காரர் சொல்வது சரி. ஏஜென்டிடம் பணம் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு முதலில் தேவைப்படுவது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரு பதிவு. சிறிய அளவில் செய்பவருக்கு உரிமம் அல்ல, பதிவுதான். 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள் இதற்கு வைத்த வரம்பு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் விற்றுமுதல். வரம்பு மாறக்கூடியது, விண்ணப்பிக்கும் அன்று, அந்த ஆணையத்தின் இணைய விண்ணப்பத் தளமான ‘ஃபோஸ்காஸி’லேயே பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு 100 ரூபாய் என்ற அளவில்தான் இருந்துவந்தது. புகைப்படம், அடையாள அட்டை, முகவரிச் சான்று இருந்தால் இ-சேவை மையத்திலேயே வேலை முடிந்துவிடும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: தொழில் வகையில் ‘விற்பனை’ என்று போட்டுவிடாதீர்கள். நீங்கள் உற்பத்தியாளர். சாக்லேட், ஊறுகாய் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்க்கலாம்.

கடைக்காரர் கேட்கும் அந்தப் பதினான்கு இலக்க எண் எளிதாக வந்துவிடும். சிக்கல் லேபிளில்தான் இருக்கிறது.

நீங்கள் உருக்குவது கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் ‘காம்பவுண்ட்’ பாளமா? மலையில் ‘ஹோம்மேட்’ என்று விற்பதில் பெரும்பகுதி அதுதான். பாளத்தின் உறையைத் திருப்பிச் சேர்மானங்களைப் படியுங்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்று இருந்தால், அதை வெறுமனே ‘சாக்லேட்’ என்று எழுதி விற்க முடியாது. சாக்லேட் என்ற பெயருக்குக் கோகோ வெண்ணெய் வேண்டும். வேறு தாவரக் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சேர்த்திருந்தால் அதையும் லேபிளில் சொல்ல வேண்டும். பாளம் விற்றவர் என்ன பெயர் போட்டிருக்கிறாரோ அதை ஒட்டியே உங்கள் பெயரும் இருக்கட்டும். காம்பவுண்ட் விற்பது குற்றமல்ல. அதற்கு வேறு பெயர் சூட்டி விற்பதுதான் குற்றம். பால், முந்திரி, பாதாம் சேர்ந்திருந்தால் ஒவ்வாமைக் குறிப்பும் கட்டாயம். ரம் ஊற்றிய சாக்லேட் கேட்டு ஆள் வருவார்கள். ‘இல்லை’ என்று அனுப்பிவிடுங்கள்.

ஊறுகாய்க்கு வருவோம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. உங்கள் ஊர்ப் பூண்டையே போடுகிறீர்கள் என்றால் சேர்மானப் பட்டியலில் தாராளமாகச் சொல்லுங்கள். குறியீட்டு முத்திரையைப் புட்டியில் அச்சிட வேண்டுமானால், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். விலை ஏறிய மாதத்தில் வடுகபட்டிச் சந்தையிலிருந்து வெளியூர்ப் பூண்டு வாங்கிக் கலந்துவிட்டு, பழைய லேபிளையே ஒட்டுகிறவர்கள் உண்டு. அந்த மாதம் லேபிளை மாற்றுங்கள், அல்லது ஊறுகாய் போடாமல் இருங்கள்.

நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், முகவரி, புகாருக்கான தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்பது எடையளவுச் சட்டம். பொட்டலமிடத் தொடங்கிய 90 நாளுக்குள், அந்தச் சட்டத்தைக் கவனிக்கும் தொழிலாளர் துறையில் 500 ரூபாய் கட்டிப் பதிய வேண்டும். ஏஜென்டுகள் இதைப் பெரும்பாலும் சொல்வதே இல்லை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரையும் வேண்டும்.

மற்றவை சுருக்கமாக: சிறு தொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவு இலவசம், வங்கிக் கடனுக்கு உதவும். தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவருக்கு, விற்றுமுதல் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. தொழில் உரிமம் வேண்டுமா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பூம்பாறை வீட்டுக்குக் கொடைக்கானல் நகராட்சியில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பின்னால் ஏரிக்கரையில் சொந்தக் கடை போட்டால் கதை வேறு. நகராட்சித் தொழில் உரிமமும், அந்தக் கடை முகவரிக்குத் தனி உணவுப் பதிவும் வாங்க வேண்டும்.