அத்திப்பழ பார் குக்கீ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அத்திப்பழத்தை அரைத்து, மாவுக்கு நடுவில் வைத்துச் சுட்டேன். அடிப்பக்கம் வேகாமல் சொதசொதவென்று ஆகிவிட்டது. ஏன்?

புதிய அத்திப்பழத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதை அடுப்பிலேயே வற்றவிட வேண்டும்; இல்லாவிட்டால் ஓவனுக்குள் மாவு குடித்துவிடும். அரை கிலோ பழத்தைக் காம்பு நீக்கி, தோலோடு பொடியாக நறுக்குங்கள். 75 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, சிட்டிகை உப்பு சேர்த்து, அடி கனமான பாத்திரத்தில் சிறுதீயில் கிளறுங்கள். அரை மணி நேரமாவது ஆகும். அல்வா கிளறிய கைக்கு இந்தப் பதம் சுலபமாகப் பிடிபடும்: கரண்டியால் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிய வேண்டும், கோடு உடனே மூடிக்கொள்ளக் கூடாது. எலுமிச்சையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அத்தியில் புளிப்பு மிகக் குறைவு. சாறு சேராத பூரணம் இரண்டாவது வாயிலேயே திகட்டிவிடும்.

மாவு தேய்க்கும்போது கிழிகிறது. முட்டையில்லாமல் செய்ய முடியுமா?

250 கிராம் மைதாவுக்கு 115 கிராம் வெண்ணெய், 100 கிராம் நாட்டுச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு முட்டை. முட்டை வேண்டாதவர்கள் மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிர் சேர்க்கலாம். பிசைந்த மாவை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே தேயுங்கள். பூரணம் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடு பட்டால் வெண்ணெய் இளகி மாவு கிழியும். தேய்த்த மாவுப் பட்டையின் நடுவில் பூரணத்தை நீளமாக வைத்து, இருபுறமும் மடித்து, மடிப்பு அடியில் வரும்படி திருப்புங்கள். 180 டிகிரியில் சுமார் 20 நிமிடம் போதும்.

கடைக் குக்கீயின் மென்மை வரவில்லையே?

சூடு ஆறும் முன்பே துண்டுபோட்டு, மூடியுள்ள டப்பாவில் ஒரே அடுக்காக வைத்து மூடிவிடுங்கள். உள்ளே அடங்கும் ஆவி மேல்மாவை இளக்கும். மறுநாள்தான் உண்மையான ருசி. அன்றே தின்று தீர்ப்பு சொல்லாதீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1891இல் ஆலைத் தயாரிப்பாகத் தொடங்கிய ஃபிக் நியூட்டன் என்ற அத்திப்பழக் குக்கீயின் அடையாளமே இந்த மென்மைதான். (அந்தப் பெயர் விஞ்ஞானியுடையதன்று, அங்குள்ள நியூட்டன் என்ற ஊருடையது.) வீட்டுப் பண்டத்தை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

காய்வெட்டாக இருந்த பழங்களை வாங்கிவிட்டேன். வீட்டில் பழுக்குமா?

இளகும், இனிப்பு ஏறாது. காம்பில் பால் வடிந்தால் அது முற்றாத பழம். கழுத்து தளர்ந்து, தோலில் மெல்லிய வெடிப்பு விட்டதைப் பொறுக்குங்கள். மகாராஷ்டிரத்தின் புரந்தர் அத்தியில் கோடைப் போகம்தான் அதிக இனிப்பு. அது கிடைத்தால் சர்க்கரையைக் குறையுங்கள்.

வீட்டுக் கொல்லையில் நாட்டு அத்தி காய்க்கிறது. அதில் செய்யலாமா?

வேண்டாம். "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை" என்ற பழமொழி அந்த மரத்தைப் பற்றியது. அதன் பழத்துக்குள் சிறு குளவிகள் வாழ்கின்றன. கடையில் விற்கும் சீமை அத்தி வேறு இனம். அதில் பெரும்பாலான வகைகள் குளவியின் துணையில்லாமலே பழுக்கும். ஆனாலும் ஒவ்வொன்றையும் பிளந்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் அந்தப் பழத்தைத் தள்ளிவிடுங்கள்.