லேப்டாப் எழும்பலன்னா பேக்கப்பை பழைய டிஸ்க் மேல கொட்டிடாதீங்க

சுங்கை சிப்புட்லேருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறார், மில் எடைச் சீட்டு கணக்கு பூரா லேப்டாப்லதான். இப்ப அது விண்டோஸுக்குள்ள போகவே மாட்டேங்குது, 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்'னு காட்டிட்டு திரும்பத் திரும்ப சுத்துது. டவுன் கடையில "டிஸ்க் போச்சு, ஃபார்மட் பண்ணணும், டேட்டா வராது, 450 வெள்ளி"ன்னுட்டாங்க. தங்கச்சி மகன் தீபாவளிக்கு வந்தப்ப வீம் ஏஜென்ட்னு ஒரு பேக்கப் சாஃப்ட்வேரோட இலவச வெர்ஷனைப் போட்டு வெளி ஹார்ட்டிஸ்க்ல முழு பேக்கப் எடுத்து வச்சிருக்கான், இப்ப தைப்பூசமும் முடிஞ்சாச்சு, அதை வச்சு மெஷினை எழுப்ப முடியுமான்னு கேக்குறாங்க.

முடியும் அக்கா. ஆனா அந்தக் கடை சொன்னதை கொஞ்சம் யோசிங்க. டிஸ்க் உண்மையிலேயே செத்திருந்தா அதை எப்படி ஃபார்மட் பண்ணுவாங்க? உங்களுக்கு சுத்துற அந்த ரிப்பேர் ஸ்க்ரீனே சாதாரணமா அதே டிஸ்க்லேருந்துதான் வருது, அப்ப டிஸ்க் இன்னும் படிக்கப்படுதுன்னுதானே அர்த்தம். முக்கால்வாசி நேரம் விண்டோஸ் எழும்புறதுக்கு வேணும்கிற ஃபைல்தான் கெட்டுப் போயிருக்கும், உங்க கணக்கு அப்படியே உள்ள கிடக்கும். டிஸ்க்லேருந்து டிக் டிக்னு சத்தம் வந்தா மட்டும் உடனே ஆஃப் பண்ணிடுங்க, அது வேற கேஸ்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வர்றது இதுதான். பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணா, அதாவது திரும்ப டிஸ்க்ல கொட்டுனா, டிஸ்க் தீபாவளி அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்பிடும், அதுக்கப்புறம் இந்த மூணு மாசமா நீங்க ஏத்துன எடைச் சீட்டெல்லாம் அழிஞ்சிடும். அதனால பழைய டிஸ்க்கை கழட்டி ஓரமா வைங்க. பழசை விட சைஸ் குறையாம புது எஸ்எஸ்டி டிஸ்க் ஒண்ணு வாங்கி மாட்டி, அது மேல ரீஸ்டோர் பண்ணுங்க. அப்புறம் பழசை யூஎஸ்பி கேஸ்ல (டிஸ்க்கை வெளியேருந்து சொருகுறதுக்கான பெட்டி) போட்டு சொருகி, மூணு மாச ஃபைலை காப்பி பண்ணிக்கலாம்.

ரீஸ்டோர் ஒண்ணும் கஷ்டமில்ல. வேற கம்ப்யூட்டர்ல அதே சாஃப்ட்வேரைப் போட்டு, முதல்ல பேக்கப் ஃபைல் திறக்குதான்னு பாருங்க, திறக்கலன்னா புது டிஸ்க் வாங்குறதே வீண். திறந்தா, 'ரெக்கவரி மீடியா'ன்னு இருக்கும், அதுல ஒரு காலி பெண்டிரைவை ரெடி பண்ணுங்க (உள்ள இருக்குறது அழிஞ்சிடும், போட்டோ இருக்குற பெண்டிரைவை சொருகிடாதீங்க). லேப்டாப்ல அதையும் பேக்கப் ஹார்ட்டிஸ்க்கையும் சொருகி ஆன் பண்ணும்போதே எஃப்12 தட்டுங்க, நிறைய மெஷின்ல அதுதான், எச்பி மெஷின்னா எஃப்9. பெண்டிரைவ்லேருந்து எழும்பினதும் 'பேர் மெட்டல் ரெக்கவரி'ங்கிறதைத் தட்டி, அதுல முழு கம்ப்யூட்டர்னு தேர்ந்தெடுங்க.

ஒரு விஷயம் மட்டும் இழுத்துச் சொல்லணும், ஏன்னா இதுல மாட்டி அழுதவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். விண்டோஸ் 11 புது லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு செட் பண்ணா டிஸ்க்கை அதுவே பூட்டிக்கும், பிட்லாக்கர்னு சொல்வாங்க. 2024ல வந்த அப்டேட்டுக்கு அப்புறம் இது இன்னும் நிறைய மெஷின்ல நடக்குது. பழைய டிஸ்க்கை வேற கம்ப்யூட்டர்ல சொருகுனா 48 நம்பர் கொண்ட சாவி கேக்கும். அந்தச் சாவி அக்கவுண்ட்லதான் இருக்கும், போன்லயே லாகின் பண்ணி பாக்கலாம். ஆனா யாரோட அக்கவுண்ட்? வாங்குன அன்னிக்கு கடைப்பையன் "நான் செட் பண்ணித் தர்றேன்"னு அவன் ஈமெயிலைப் போட்டிருந்தா சாவி அவன்கிட்டதான் இருக்கு, அவன் வேலையை விட்டுட்டு கேஎல் போயிருந்தா எங்க போய்த் தேடுவீங்க? சாவி இல்லன்னா நானும் திறக்க முடியாது, யாரும் திறக்க முடியாது. "நான் உடைச்சுத் தர்றேன், 800 குடு"ன்னு எவனாச்சும் வந்தா காசைக் கொடுக்காதீங்க. அதனால எஸ்எஸ்டி வாங்குறதுக்கு முன்னாடியே இந்தச் சாவியைத் தேடி ஒரு பேப்பர்ல எழுதி வைங்க.

அப்புறம் தோட்டத்துக்குத் தோட்டம் வந்து மெஷினை வாங்கிட்டுப் போற ஆளுங்க. "ஈப்போவுக்கு அனுப்புறேன்"னு சொல்வாங்க, எந்தக் கடைன்னு சொல்ல மாட்டாங்க, திரும்பி வரும்போது உள்ள வேற டிஸ்க் இருக்கும். கொடுக்குறதுக்கு முன்னாடி டிஸ்க் லேபிள்ல இருக்குற சீரியல் நம்பரை போன்ல படம் எடுத்துக்கோங்க, ரசீதுல "டேட்டாவைத் தொடக்கூடாது, பழைய டிஸ்க் திருப்பித் தரணும்"னு எழுதச் சொல்லுங்க. ஏமாத்திட்டா பயனீட்டாளர் டிரிபியூனல்ல 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரைக்கும் கேஸ் போடலாம், வக்கீல் வேணாம். ஆனா ஜெயிச்சாலும் காசுதான் வரும், அழிஞ்ச கணக்கை எந்த டிரிபியூனல் திருப்பிக் கொடுக்கும்? முன்னெல்லாம் கம்ப்யூட்டர் வாங்குனா கூடவே ரெக்கவரி சிடி ஒண்ணு தருவாங்க. இப்ப ஆயிரக்கணக்குல காசை வாங்கிக்கிட்டு ஒரு பெண்டிரைவ் கூட போட்டுக் கொடுக்குறதில்ல, போட்டு வச்சுக்கோங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுமில்ல, எனக்கு இதை நெனச்சாலே பத்திக்கிட்டு வருது.

இன்னிக்கே கடைக்குப் போன் அடிச்சு ஃபார்மட் பண்ண வேணாம்னு சொல்லிட்டு, சாயங்காலம் போய் லேப்டாப்பை கையோட வாங்கிட்டு வந்துடுங்க அக்கா. அந்த பேக்கப் ஹார்ட்டிஸ்க்கை மட்டும் எவன் கேட்டாலும் கொடுக்காதீங்க, தங்கச்சி மகன் வர்ற வரைக்கும் அலமாரியிலேயே இருக்கட்டும்.