வீடியோ கேம்களில் வரும் இரகசிய ஆய்வுக்கூடங்களில் உங்கள் மனதை விட்டு அகலாதது எது? ஏன்?

யோசிக்கவே வேண்டாம், பிளாக் மெசாதான். வால்வ் நிறுவனம் உருவாக்கி 1998-இல் வெளிவந்த ஹாஃப் லைஃப் கேமின் கதை நடக்கும் இடம். நியூ மெக்சிகோ பாலைவனத்தில் பாறையைக் குடைந்து கட்டிய ஆய்வு நிலையம். அண்ணன் எங்கிருந்தோ வாங்கி வந்த சிடியில் இதை முதன்முதலில் விளையாடியபோது எனக்குப் பள்ளிக்கூட வயது. கதை பாதி புரியவில்லை. சுட்டேன், செத்தேன், மறுபடி சுட்டேன். வேலைக்குப் போன பிறகு ஒரு நீண்ட விடுமுறையில் திரும்ப விளையாடினேன். அப்போதுதான் அந்த இடம் தன் இரகசியத்தை எவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்து வைத்திருக்கிறது என்று உறைத்தது.

கதையை முடிவு வரை சொல்லப் போகிறேன். இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேம் தொடங்குவது ஒரு டிராம் பயணத்தில். நாம் கார்டன் ஃப்ரீமேன், 27 வயது, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பௌதிகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். மணி காலை 8:47, வேலைக்குத் தாமதம். சில நிமிடங்களுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர நமக்கு வேலையே கிடையாது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் பேசிக்கொண்டே வருகிறது: மேலே வெப்பம் 93 டிகிரி ஃபாரன்ஹீட், மதியம் 105 வரை போகலாம், உள்ளே எப்போதும் இதமான 68. அப்புறம், உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஆள் எடுக்கிறோம். கதிரியக்கப் பரிசோதனைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் வராவிட்டால் வேலை போய்விடும். இதையும் அதே இனிமையான குரலில்தான் சொல்கிறாள். வெளியே பச்சை நிறத்தில் ஏதோ கழிவு பளபளக்கிறது. பூட்டிய கதவை ஒரு காவலர் தட்டிக்கொண்டு நிற்கிறார். (2001-இல் வந்த புளூ ஷிஃப்ட் என்ற கூடுதல் பாகத்தில் நாம் அந்தக் காவலராகவே விளையாடுவோம், கதவருகே நிற்கும்போது ஃப்ரீமேனின் டிராம் நம்மைக் கடந்து போகும்.)

நியூ மெக்சிகோவைத் தேர்ந்தெடுத்ததும் பொருத்தம்தான். அணுகுண்டை உருவாக்கிய லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம் 1943-இல் தொடங்கியது அந்த மாநிலத்தில்தான். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் ஒரே முகவரி, சாண்டா ஃபேயின் 1663-ஆம் எண் தபால் பெட்டி. அங்கே பிறந்த குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழிலும் அதே எண்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சோதனை தொடங்குவதற்கு முன் ஒரு விஞ்ஞானி போகிற போக்கில் சொல்வார்: இன்றைய மாதிரியைப் பற்றி நிர்வாகி ரொம்பக் கவலைப்படுகிறார், அதைக் கொண்டுவர நிறையப் பாடுபட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. அதுதான் முதல் துப்பு. அந்த வயதில் நான் கண்டுகொள்ளவே இல்லை. மஞ்சள் படிகத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கருவிக்குள் விட்டதும் எல்லாம் வெடித்துச் சிதறுகிறது, வேறொரு உலகத்துக்கு வழி திறந்துகொள்கிறது, விலங்குகள் வந்து குதிக்கின்றன. நம் கையில் ஒரு கடப்பாரை. படிகம் எங்கிருந்து வந்தது என்று அந்த நேரத்தில் யார் கேட்பார்கள்?

அதற்குப் பிறகு பல மணி நேரம் தப்பிப்பதே வேலை. மீட்க வந்ததாக நினைத்து ஒரு விஞ்ஞானி ராணுவ வீரனிடம் ஓடுகிறார், அவன் அவரைச் சுட்டுவிடுகிறான். சாட்சிகளை அழிக்கத்தான் படை வந்திருக்கிறது. ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் ஆழமான குழி ஒன்றில் மூன்று தலைகளுள்ள குருட்டுப் பிராணி இரும்புச் சுவரைக் கொத்திக்கொண்டிருக்கும். அதற்குக் காதுதான் கண். எரிபொருள், ஆக்சிஜன், மின்சாரம் மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு வந்து எஞ்சினைப் பற்றவைக்கும் வரை பூனை மாதிரி நடக்க வேண்டும். அண்ணன் பின்னால் நின்றுகொண்டு "ஓடாதடா" என்று கிசுகிசுத்தது இன்னும் நினைவிருக்கிறது, ஏதோ எங்கள் குரலும் அதற்குக் கேட்டுவிடும் என்பது போல.

என்னை உலுக்கியது அதற்கெல்லாம் பிறகு வரும் ஓர் அத்தியாயம். ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் 'கேள்விக்குரிய அறம்'. சுத்தமான, வெள்ளையான ஆய்வுக்கூடம். கண்ணாடிக் கூண்டுகளுக்குள் நாம் இத்தனை நேரம் சுட்டுக்கொண்டு வந்த அதே விலங்குகள். கூண்டுக்கு வெளியே ஒரு பொத்தான், அழுத்தினால் உள்ளே இருப்பது சாகும். இன்னொரு அறையில், அந்த வேற்றுலகத்தாரிடமிருந்து எடுத்த, குளவிகளைப் போல் எதையோ பீய்ச்சும் உயிருள்ள ஆயுதத்தை ஆய்வுக்கு வைத்திருக்கிறார்கள்.

முதல் தடவை பொத்தான்களை எல்லாம் அழுத்திப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாவது தடவை அந்தக் கண்ணாடி முன்னால் நின்று கணக்குப் போட்டேன். விபத்து நடந்து அதிக நேரம் ஆகவில்லை. இந்தக் கூண்டுகளோ நிதானமாகத் திட்டம் போட்டுக் கட்டியவை. அப்படியென்றால் விபத்துக்கு வெகு முன்பே இவர்கள் அந்த உலகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் படிகமும் அங்கிருந்து வந்ததுதான்! இதை ஒரு பாத்திரமும் நம்மை உட்கார வைத்து விளக்குவதில்லை. காட்சிகளுக்காகக் கேமரா ஃப்ரீமேனின் கண்ணை விட்டு ஒரு நொடியும் வெளியே போகாத கேம் இது, அவர் நடந்து பார்த்தது மட்டுமே நமக்கும். கடைசியில் ஜென் என்ற அந்த உலகத்தில் கால் வைத்ததும், நாம் போட்டிருக்கும் அதே பாதுகாப்பு உடையில் பிணங்கள் கிடக்கும். நமக்கு முன்னால் போனவர்கள்.

இப்போது விளையாட விரும்புபவர்களுக்கு இரண்டு வழி உண்டு. பழைய கேமுக்கு அதன் 25-ஆம் ஆண்டை ஒட்டி 2023 நவம்பரில் வால்வே புது மெருகு கொடுத்தது. ரசிகர்கள் சேர்ந்து வருடக்கணக்கில் உழைத்து உருவாக்கிய மறு ஆக்கம், பிளாக் மெசா என்ற பெயரிலேயே 2020-இல் முழுமையாக வந்தது. அழகு இரண்டாவதில்தான், ஜென் பகுதியும் அதில் பல மடங்கு பெரிது. ஆனாலும் முதலில் பழையதையே விளையாடுங்கள் என்பேன். இடம் சின்னதாக இருப்பதால் துப்புகள் கண்ணில் படும்.

அப்புறம், சோதனைக்குப் போவதற்கு முன் ஓய்வறைக்குள் எட்டிப் பாருங்கள். மைக்ரோவேவில் யாரோ சாப்பாடு வைத்திருப்பார்கள். பொத்தானை விடாமல் அழுத்தினால் அது வெடித்துவிடும். ஒன்பது வருடம் கழித்து இதன் தொடர்ச்சியாக வந்த ஹாஃப் லைஃப் 2: எபிசோட் டூவில், பிளாக் மெசாவில் வேலை பார்த்த விஞ்ஞானி டாக்டர் மேக்னசன் அதை மறக்காமல் ஃப்ரீமேனிடம் சொல்லிக் காட்டுவார்.