கணக்கியல் படிக்கிற பெண்ணுக்குத் தத்துவ மன்றம் எதற்கு?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கணக்கியல் படிக்கும் மகள் மாணவர் தத்துவ மன்றத்தில் சேர ஆசைப்படுகிறாள், நேரம் வீணாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரட்டும்.

இத்தகைய மன்றங்களில் பெரும்பாலும் ஒருவர் பத்து நிமிடம் ஒரு கேள்வியை முன்வைப்பார், மீதி நேரம் விவாதம். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. "அநியாயச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டுமா?" என்று கேட்டால் ஒருவர் காந்தியைச் சொல்வார், இன்னொருவர் நிறவெறியை எதிர்த்த கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பீகோவைச் சொல்வார். உடனே அடுத்தவர், "சட்டம் அநியாயமானது என்று முடிவு செய்வது யார்?" என்பார். அங்கேதான் சூடு பிடிக்கும். தன் கருத்துக்குக் காரணம் சொல்லவும், எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லவும் அப்படித்தான் பழக முடியும்.

அதுவும் டர்பனில் இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. நேட்டால் பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவம் கற்பித்த ரிச்சர்ட் டர்னருக்கு 1973-இல் நிறவெறி அரசு, கற்பிக்கவும் எழுதவும் கூடாதென்று தடையாணை போட்டது. 1978 ஜனவரியில் அவரை வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. நம் இந்திய வம்சாவளியினருக்கோ 1961-இல் டர்பன் துறைமுகத்திலுள்ள சாலிஸ்பரி தீவில் தனிக் கல்லூரி வைத்து ஒதுக்கினார்கள். அதுவே பிறகு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004-இல் நேட்டாலுடன் இணைந்தது. இப்போது தமிழ்க் குடும்பத்துப் பெண்ணும் ஜூலு மாணவரும் ஒரே மேசையில் வாதாடலாம்.

முதலில் இரண்டு கூட்டங்களுக்குப் போய்ச் சும்மா கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அப்புறம் அவளே முடிவு செய்யட்டும்.