எல்லாரும் ஒரே படம் வரைகிறார்கள்: பதில்

ஆசிரியரே, ஓவியத்துக்கான பரிசை முன்கூட்டியே அறிவிப்பதை முதலில் நிறுத்துங்கள். வகுப்பு முழுக்க இரண்டு மலை, நடுவில் சூரியன் என்றே வரைகிறார்கள் என்கிறீர்கள். போன முறை பரிசு வாங்கியதும் அந்தப் படம்தானே? ஜெயித்த படத்தை விட்டு யார் விலகுவார்கள்!

பரிசு வரையும் ஆர்வத்தையும் பாதிக்கும். 1973இல் வெளியான ஆய்வில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் மழலையர் பள்ளியில் இதைச் சோதித்தார்கள். பரிசு உண்டு என்று சொல்லி வரையவைத்த பிள்ளைகள், அப்புறம் தாங்களாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை.

ஒன்று செய்து பாருங்கள். தாளில் ஒரு வளைகோடு மட்டும் போட்டுக் கொடுத்து, மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். நத்தை, காது, குடைப்பிடி என்று விதவிதமாக வந்தால் சிக்கல் பரிசில்தான். அப்போதும் மலையே வந்தால், நீங்கள் கரும்பலகையில் வரைந்து காட்டுவதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம்.

பென்சிலையே தொடாத பிள்ளைக்கு மட்டும் சின்னப் பரிசு சில சமயம் உதவும்.