பழைய பூ-அர் டீயை ஒரே இலையில் பத்து முறை ஊற்றிக் குடிக்கிறார்களே, சுவை மாறுமா?

மாறும். அதற்காகத்தான் அப்படிக் குடிக்கிறார்கள்.

பூ-அர் சீனாவின் யுன்னான் மாகாணத்துத் தேயிலை. அழுத்தி வட்டாக்கி (வழக்கமாக 357 கிராம்) வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். தானாக முதிர்வது ஷெங். ஈரப்படுத்திக் குவித்துச் சில வாரங்களில் நொதிக்க வைப்பது ஷோ. இந்த முறை 1973-ல் குன்மிங் தேயிலை ஆலையில் உருவானது.

100 மில்லி மூடிக் கிண்ணத்துக்கு 6, 7 கிராம் இலை, கொதிக்கக் கொதிக்க வெந்நீர். முதல் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். தூசு போகும், இறுகிய இலையும் இளகும். அப்புறம் பத்து விநாடி போதும்.

முதல் இரண்டு ஊற்றில் பெரும்பாலும் கிடங்கு வாசம்தான்: ஈர மரம், பழைய காகிதம். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். கட்டி முழுசாகப் பிரியாததால் சாறு இன்னும் இறங்கியிருக்காது. மூன்றிலிருந்து ஐந்து வரைதான் உச்சம். நிறம் கருஞ்சிவப்பாகும், முதிர்ந்த ஷெங் என்றால் சிலவற்றில் கற்பூர வாசம்கூட வரும். விழுங்கியபின் தொண்டையில் இனிப்பு ஊறும், நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அதேதான்.

பிறகு 20, 30 விநாடி என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள், கடைசியில் சில நிமிடங்கள்கூட. துவர்ப்பு அடங்கி, வெளுத்த தண்ணீரில் இனிப்பு மட்டும் மிஞ்சும். எனக்கு அந்தக் கட்டம்தான் பிடிக்கும். ஷோவில் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்காது. மண்வாசமும் வழவழப்பும் ஆரம்பத்திலேயே வந்துவிடும்.

நாலைந்து ஊற்றுக்குப் பிறகும் பூஞ்சை நாற்றம் போகவில்லையா? வைத்திருந்த இடம் சரியில்லை, கொட்டிவிடுங்கள்.