ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது, ஆனாலும் மூச்சு வாங்குகிறதே?

கேள்வி: எனக்கு 36 வயது. இரண்டு மாதமாக, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தால் 98 காட்டுகிறது. மாதவிடாய் மட்டும் 8, 9 நாள் போகிறது. மற்றபடி எந்த நோயும் இல்லை. ஆக்சிஜன் சரியாக இருக்கும்போது ஏன் மூச்சு வாங்க வேண்டும்?

பதில்: போகிற போக்கில் நீங்கள் சொன்ன அந்த 8, 9 நாள்தான் எனக்கு முதலில் உறுத்தியது. அதற்கு வருகிறேன். முன்னதாக, அந்த 98 எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மூச்சை இழுத்ததும் காற்று நுரையீரலின் கோடிக்கணக்கான காற்றறைகளுக்குப் போகிறது. அவற்றைச் சுற்றி மயிரிழையிலும் மெல்லிய ரத்தக்குழாய்கள். இதயத்தின் வலப்பக்கம் அனுப்பும் ரத்தம் அவற்றைக் கடக்க முக்கால் நொடிதான் ஆகிறது. அதற்குள் கரியமில வாயுவை இறக்கிவிட்டு, சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்கிறது. பிறகு இதயத்தின் இடப்பக்கம் வந்து, அங்கிருந்து உடம்பு முழுக்கப் போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர்.

இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனை ஏற்றியிருக்கிறது என்பதைத்தான் ஆக்சிமீட்டர் சொல்லும். மொத்த ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. பத்து பஸ் ஓட வேண்டிய தடத்தில் ஐந்துதான் ஓடுகிறது என்று வையுங்கள். ஐந்திலும் சீட் நிரம்பியிருக்கும். ஊர் போய்ச் சேர்ந்தவர்களோ பாதிப் பேர்தான்.

1 கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லி ரத்தத்தில் 14 கிராம் ஹீமோகுளோபின் உள்ளவரின் ஒரு லிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 185 மில்லி ஆக்சிஜன் இருக்கும். 7 கிராம் உள்ளவருக்கு 92தான். ஆக்சிமீட்டர் இரண்டு பேருக்கும் 98 என்றே காட்டும்!

இந்தக் குறையை ஈடுகட்ட இதயம் வேகமாக ஓடுகிறது. உட்கார்ந்திருக்கும்வரை சமாளித்துவிடும். படி ஏறும்போது கால் தசைகள் கேட்கும் ஆக்சிஜனைக் கொடுக்க முடிவதில்லை. படபடப்பும் மூச்சு வாங்கலும் அதனால் வரலாம்.

இப்போது அந்த 8, 9 நாளுக்கு வருகிறேன். மாதாமாதம் இத்தனை நாள் ரத்தம் போனால் உடம்பில் இரும்புச்சத்து குறையும், ஹீமோகுளோபினும் குறையும். அதனால் இந்த வாரமே சிபிசி (ஹீமோகுளோபின், ரத்த அணுக்களின் அளவு), ஃபெரிட்டின் (இரும்புச்சத்தின் சேமிப்பு) ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. "வெயிட் போட்டுட்ட, அதான்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு எத்தனையோ பெண்கள் வருடக்கணக்கில் இப்படியே இழுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், அதை டீ, காபியோடு சேர்த்து விழுங்காதீர்கள். சத்து உடம்பில் சரியாகச் சேராது. மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் வரை மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கும். அப்புறம், மகப்பேறு மருத்துவரையும் அவசியம் பாருங்கள். இத்தனை நாள் ரத்தம் போவதற்குக் கர்ப்பப்பைக் கட்டியோ தைராய்டோ காரணமாக இருக்கலாம்.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தால் இசிஜி, எக்கோ எடுத்து இதயத்தைப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால், ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் சரி, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.